சக்கைக் குட்டையும் பச்சைவாழியின் வலது காலும்

பச்சைவாழியோட வலது கால முட்டிக்குக் கீழ திங்கக்கெழம காத்தால எடுக்கறதா டாக்டரு தேதி குறிச்சிட்டாரு, அத நிறுத்தறதுக்கு எங்க ஊருக்கு ஞாயித்துக்கெழம ஒரே ஒரு பகல்தான் மிச்சம் இருந்துது, அந்தப் பகல்ல எங்க கோடிக்கொல்லை ஜனம் மொத்தமும் வாயத் தச்சிக்கிட்டு நின்னுது பாருங்க, அதத்தான் சொல்ல வந்தன். ஆனா அத நேரா சொல்ல முடியாது. குட்டை வெள்ளி திங்க ஆரம்பிச்சத மொதல்ல சொல்லணும், குட்டையச் சொல்லணும்னா சக்கையச் சொல்லணும், சக்கையச் சொல்லணும்னா பீர் கம்பெனியச் சொல்லணும். பொறுத்துக் கேளுங்க, காலு எங்கயும் ஓடிப் போவாது.

எங்க ஊருக்கு வடக்கால, ஆளு ஒசரம் மூணு ஒசரத்துக்கு மதில் எழுப்பி பீர் கம்பெனி நிக்குது. ராஜஸ்தான்ல இருந்து பார்லி லாரி லாரியா வரும், அத வேகவெச்சி சாற மட்டும் அவங்க எடுத்துக்குவாங்க, சக்கைய மதிலுக்குப் பின்னால ஒரு குழாய் வழியா சிமெண்டுத் தொட்டியில தள்ளுவாங்க, அது சுடச்சுட ஆவி பறக்க புளிச்ச கஞ்சி வாசனையோட வந்து விழும். அதத் தின்னுதான் எங்க ஊரு மாடெல்லாம் குடம் குடமா கறக்குது. டவுன்காரங்க கேலி பண்ணுவாங்க, உங்க ஊரு மாடு சாயங்காலம் ஆனா தள்ளாடுமாமேன்னு. புளிக்க வெக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடற சக்கையில போதை ஏது? சொன்னா எவன் கேக்கறான். பொம்மி பொண்ணப் பாக்க செஞ்சியில இருந்து வந்தவங்க காபி தம்ளர கையில வெச்சிக்கிட்டு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு கீழ வெச்சிட்டாங்க. மாப்ள மட்டும் ஒரே மூச்சில குடிச்சிட்டு இன்னொரு தம்ளர் கேட்டான். அந்த சம்பந்தம் நின்னு போச்சி, அது வேற கதை.

மாடு தின்னு மிஞ்சின சக்கையும், பீர் புளிச்சப்பறம் அடியில தங்கற கசண்டும் போயிச் சேர்ற எடந்தான் சக்கைக் குட்டை. கொக்கு கூட அதுல ஒக்காராது. தாண்டிப் போறவங்க முந்தானையால மூக்கப் பொத்திக்குவாங்க.

தொட்டியில மண்வெட்டியோட நிக்கறவதான் பச்சைவாழி. புருசன் எத்திராஜ் போயி ஒம்பது வருசம், புள்ளகுட்டி இல்ல, செவலைன்னு ஒரே ஒரு பசு. ஊரு மாடு ஒவ்வொண்ணுக்கும் எத்தினி சட்டி சக்கைன்னு அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு ஒரு வியாதி, யாரப் பாத்தாலும் வாயில மொதல்ல வர்ற வார்த்த "சாப்டியா?"தான். சண்ட போட வந்தவங்களையும் கேப்பா, ஓட்டு கேட்டு வந்தவங்களையும் கேப்பா. ஒரு தடவ பட்டப்பகல்ல கோழி திருட வந்தவன் கோழியக் கக்கத்துல வெச்சிக்கிட்டு நிக்கறான், இவ கொல்லப்பக்கமா வந்தவ "சாப்டியாப்பா"ன்னு கேட்டுட்டா. அவன் கோழியக் கீழ விட்டுட்டு ஒக்காந்து சாப்ட்டுட்டு, கைய அலம்பிக்கிட்டு, கோழிக்கூண்டுக் கதவையும் சரி பண்ணிட்டுப் போனான். சிரிக்காதீங்க, அந்தச் சோறு அப்பறம் வரும்.

செவலைக்கு ஒரு நாள் முன்னங்கால் வீங்கிடுச்சி. பக்கத்தூரு மாரியம்மனுக்கு வெள்ளியில கால் சாத்தறன்னு வேண்டிக்கிட்டு பச்சைவாழி கடைக்குப் போறா. அந்தக் கோயில் வாசல்ல தட்டுல அடுக்கி வெச்சிருப்பாங்க இல்ல, நோவு வந்த எடத்துக்குத் தகுந்தாப்பல கண்ணு, கை, காலு, வயிறு, புள்ள வேணும்னா தொட்டில், எல்லாம் மெல்லிசு வெள்ளித் தகடுல. முழு மாடு செஞ்சி வெச்சிருப்பாங்க, அது அன்னிக்குப் பாத்து வித்துப் போச்சி. மாட்டுக்கால் மட்டும் தனியா எவனும் செய்யறதில்ல. கடைக்காரன் அஞ்சி வெரலும் தெரியற மனுசக் கால் ஒண்ண எடுத்து நீட்டி, "அம்மனுக்குத் தெரியாதா யாரு காலுன்னு? கொண்டு போம்மா"ன்னான். இவளும் வாங்கி மடியில சொருகிக்கிட்டு, அன்னிக்குக் கோயில் நடை சாத்திட்டதால, நாளைக்குச் சாத்திக்கலாம்னு வேலைக்கு வந்துட்டா. மிஞ்சின சக்கையக் குட்டையில தள்ளும்போது மடி நெகிழ்ந்து தகடு உள்ள விழுந்துடுச்சி. குச்சிய வெச்சித் துழாவு துழாவுன்னு துழாவினா. கெடைக்கல. செவலை காலு தானா வத்திடுச்சி. அவளும் மறந்துட்டா.

மறுநாள் பார்லி கொண்டாந்த லாரி டிரைவர் ஒருத்தன், பன்வாரின்னு பேரு, ராஜஸ்தான்காரன், மணிக்கட்டுல கனமா ஒரு வெள்ளிக் காப்பு போட்டிருப்பான், வழியில கொக்கி கிழிச்சி உள்ளங்கையில சீழ் வெச்சி, வலி தாங்காம கை அலம்ப எடம் தேடி மதிலச் சுத்திக்கிட்டுப் பின்னால வந்தவன், குட்டை ஓரத்துல பால் ஊத்தாத டீ மாரி தெளிஞ்சி நின்ன தண்ணியில கைய விட்டான். அப்ப அங்க யாரும் இல்ல. கேட் வாட்ச்மேன் மன்னாதன் மட்டும் எட்டப் பாத்தானாம். மூணாம் நாள் புண்ணு மூடிடுச்சி. மூடின எடத்துல, உள்ளங்கை நடுவுல, வெள்ளியா ஒரு சின்னக் காலு, அஞ்சி வெரலோட. பன்வாரி அத சூரியனுக்கு நேரா நீட்டி நீட்டிப் பாத்துட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு, வண்டியெடுத்துக்கிட்டுப் போயிட்டான். மன்னாதன் ஊருக்குள்ள வந்து சொன்னான். அவன் பொய் சொல்றவன்தான், ஆனா இப்பிடி ஒரு பொய்யக் கட்டற அளவுக்கு மூளை கெடையாது, அதனால நாங்க நம்பிட்டம்.

மொதல்ல போனது நான்தான், ஏன் மறைக்கணும். பேரனுக்குக் காதோரம் சொறி வந்து ஆறாம கெடந்துது. எங்கம்மா எனக்குப் பால் ஊத்தின வெள்ளிப் பாலாடையக் கொண்டுபோயி குட்டையில போட்டுட்டு, அந்தத் தண்ணிய மொண்டு புள்ளைக்கு ஊத்தறன் ஊத்தறன், ஒண்ணும் ஆவல. பாலாடை சக்கை மேல முட்டை மாரி முழுசா கெடக்குது. அப்ப இஸ்திரி போடற கன்னியப்பன், முழங்கையில சூடு பட்டு அழுவின புண்ணோட வந்தவன், நான் திட்டத் திட்டக் கைய உள்ள விட்டான். விட்டதும் எங்கண்ணு முன்னாடி, வெந்நீர்ல போட்ட வெல்லம் மாரி, பாலாடை ஓரம் கரைய ஆரம்பிச்சிது. மூக்கு கரைஞ்சிது, குழி கரைஞ்சிது, தண்ணி மஞ்சளாச்சி, தேனாச்சி, கஷாயமாச்சி. நாலு நாள்ல கன்னியப்பன் முழங்கையில எங்கம்மா பாலாடை, மூக்கு நுனியில இருந்த நசுங்கல் உட்பட, தோலோட தோலா மின்னுது. எங்கம்மாவ நான் முப்பது வருசம் கழிச்சிப் பாத்த மாரி அவன் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டன். அவன் பொண்டாட்டி ஒரு மாரியாத்தான் பாத்தா.

அப்பறம் கன்னியப்பன் பொண்டாட்டி அவ மெட்டியக் கழட்டிப் போட்டா, என் பேரன் சொறி ஆறிடுச்சி, காதோரம் மெட்டி வளையத்தோட. அப்பத்தான் வெளங்கிச்சி. குட்டை வெள்ளியத் திங்கும், ஆனா தன் மனுசங்களுக்குன்னு போட்டா திங்காது. நீ போடறது அடுத்தவனுக்கு, அடுத்தவன் போடறது உனக்கு. யாரு வெச்ச சட்டமோ தெரியாது, அதுக்குப் பத்திரம் கெடையாது, பட்டா கெடையாது.

அந்த ஒரு வருசத்த எப்பிடிச் சொல்லுவன்! பொட்டியில துணி சுத்தி வெச்சிருந்த வெள்ளியெல்லாம் வெளிய வந்துது. அரைஞாண் வந்துது, கொலுசு வந்துது, குங்குமச்சிமிழ் வந்துது, தலைச்சன் புள்ளைக்குப் போட்ட தண்டை வந்துது. படுக்கைப் புண்ணு ஆறிச்சி, செருப்புக் கடி ஆறிச்சி, பத்து வருசமா ஒழுகின காது நின்னுது. எங்க ஊருல எவன் சட்டையக் கழட்டினாலும் எவ வீட்டு நகையாவது அவன் மேல மின்னும். பம்புசெட்டுல ஆம்பளைங்க குளிக்கறத எட்ட நின்னு பாத்தா நகைக்கடையக் கழுவி விடற மாரி இருக்கும்.

சண்டையும் வந்துது, வராம இருக்குமா? "எம் மாமியா ஒட்டியாணம் உன் இடுப்புல ஒக்காந்துக்கிட்டிருக்கு, பூ வேல கூட அழியல, நீ என்னமோ ஒண்ணும் தெரியாத மாரி போறியே!" "அதுக்கு என்ன இடுப்ப அறுத்துக் குடுக்கச் சொல்றியா அக்கா?" இப்பிடி. கடைசியில ஊரு கூடிப் பேசி ஒரு வழி பண்ணிச்சி. யாரு வெள்ளி யாரு மேல இருக்குதோ அவங்க ரெண்டு வீடும் சொந்தம். வெள்ளி ஒறவுன்னு பேரு வெச்சம். கல்யாணம் காதுகுத்துன்னா வெள்ளி ஒறவுக்கு மொதல் தாம்பூலம். சாவுன்னா வெள்ளி ஒறவும் தலை முழுவணும். சிவகாமி மவன் முதுவுல அவன் ஆசப்பட்ட பொண்ணோட அரைஞாண் வந்து ஒக்காந்துக்கிச்சி, இப்ப அவங்க அண்ணன் தங்கச்சி மொறையா இல்லியான்னு மூணு நாள் பஞ்சாயத்து நடந்துது. மொறைப் பையன்தான்னு முடிவு பண்ணி, அந்தக் கூட்டத்துலயே பாக்கு மாத்திட்டாங்க. பொண்ணோட அப்பன் மட்டும் அந்த சொறி புடிச்ச முதுகத் தான் பாத்திருக்கவே கூடாதுன்னு பொலம்பினான்.

நடுவுல காலேஜ்ல இருந்து பர்வீன் டீச்சர் வந்தா. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சின்னச் சின்ன பாட்டிலோட. குட்டைத் தண்ணி மொண்டா, சக்கை மொண்டா, கசண்டு மொண்டா, மூக்கப் பொத்தல, அதுக்கே எனக்கு அவளப் புடிச்சிப் போச்சி. ரெண்டு மாசம் கழிச்சி வந்து சொன்னா, "ஆயா, சக்கையிலயும் கசண்டுலயும் இருக்கற சத்து வெள்ளிய ஒடச்சி ஒடச்சி, தலமுடிய ஆயிரமா பொளந்தா எவ்ளோ இருக்குமோ அத விடப் பொடிசா ஆக்கிடுது. அந்தப் பொடி கிருமி மேல ஒட்டினா கிருமி செத்துடும். நாங்களும் லேபுல வெள்ளி உப்பு போட்டு, இந்தச் சக்கைத் தண்ணிய ஊத்திப் பாத்தம், இதே மாரி தேன் கலர் வந்துது. கண்ணாடித் தட்டுல கிருமி சாவுது ஆயா!" சொல்லும்போது அவ மூஞ்சி பூசாரி மூஞ்சி மாரி இருந்துது. தூக்கி எறியற சக்கைக்குள்ள இப்பிடி ஒண்ணு ஒக்காந்திருக்குதேன்னு அவளுக்கும் மயிர்க்கூச்செடுத்துக்கிச்சி, எனக்கும் எடுத்துக்கிச்சி.

"அப்ப பாலாடை மூக்கு?"ன்னு கேட்டன்.

கண்ணாடியக் கழட்டித் தொடச்சா. "அது எங்க தட்டுல வரல ஆயா."

இப்ப தனகோட்டிக்கு வரணும். தனகோட்டி, எத்திராஜோட தங்கச்சி, பச்சைவாழிக்கு நாத்தனார், எதுத்த வீடு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்லாம ஒம்பது வருசம். காரணம் ஒரு ஜோடி கொலுசு. மாமியா செத்தப்ப மொவளுக்கா மருமவளுக்கான்னு இழுத்து, ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாளுங்க. ஒத்தக் கொலுச வெச்சிக்கிட்டு என்ன பண்றது? போடவும் முடியாது, விக்கவும் மனசு வராது. தனகோட்டி வாசத் தெளிக்கும்போதே ஆரம்பிப்பா, "எங்கண்ணன் போனப்பவே எல்லாம் போச்சி, எவளுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல." பச்சைவாழி தெருவுக்கு அந்தப் பக்கம் சாணிய உருட்டிக்கிட்டே செவலைகிட்ட சொல்லுவா, "கேட்டியாடி செவலை, நாம யாரோவாம்." அவ சாப்டியான்னு கேக்காத ஒரே ஜீவன் தனகோட்டிதான். ஆனா தனகோட்டி வீட்டுச் சட்டிக்கு மட்டும் சக்கை ஒரு புடி கூட விழும், அத நான் பாத்திருக்கன்.

ஆடி மாசம் வாக்குல குட்டை திங்கறது கொறஞ்சிது. கொலுசு போட்டா பாதி நாள் கெடக்கும். அப்பறம் ரெண்டு நாள் கெடக்கும். ஊருல புண்ணே இல்லாததால எவனும் அதப் பெருசா எடுத்துக்கல. ஐப்பசி மழையில தொட்டியில நின்னுக்கிட்டிருந்த பச்சைவாழி கால்ல பாட்டில் சில்லு ஏறிச்சி. அவளுக்குச் சக்கர வியாதி இருக்கறது அப்பத்தான் தெரிஞ்சிது. மஞ்ச வெச்சிக் கட்டிக்கிட்டு வேலைக்கு வந்தா. ஊரு மாட்டுக்கெல்லாம் சக்கை போவணுமே, குட்டை எங்க போவுது அப்பறம் நனைச்சிக்கலாம்னா. தையில காலு கறுத்துது. வெரலுல உணர்ச்சி இல்லன்னா. டவுன் பெரியாஸ்பத்திரியில பாத்த டாக்டரு, நல்ல மனுசன், அவ கையப் புடிச்சிக்கிட்டு, "இத விட்டா உயிருக்கு வந்துடும்மா, திங்கக்கெழம எடுத்துடலாம்"னாரு.

வெசாழக்கெழம ஊரே வெள்ளியோட குட்டைக்கு வந்துது. பச்சைவாழியக் கயித்துக் கட்டில்ல தூக்கியாந்து கால தண்ணியில விட்டம். மிஞ்சியிருந்ததெல்லாம் போட்டம். பச்சைவாழி சக்கை போடாத மாடு எந்த வீட்டுல இருக்குது, அவ கேட்டுச் சோறு போடாத வாயி எது? ஆளாளுக்கு முந்தினோம். போட்டதெல்லாம் அப்பிடியே கெடந்துது. ஒரு ஓரம் மங்கல, ஒரு நுனி கரையல. சாயங்கால வெயிலு பட்டு, குட்டை முழுக்க வெள்ளி வெள்ளியா, ஆடி அமாவாசைக்குக் கடல்ல போட்ட பூ மாரி மெதந்துது. அப்பிடி ஒரு அழவ நான் பாத்ததில்ல, அப்பிடி ஒரு பயமும் பட்டதில்ல.

எனக்குத்தான் மொதல்ல ஒறைச்சிது. ஒரு வருசமா ஒருத்தர் மேல ஒருத்தர் வெள்ளிய ஏத்தி, ஒறவு சொல்லி, தாம்பூலம் குடுத்து, தலை முழுவி, ஊரு மொத்தமும் ஒரே வீடா ஆயிட்டம். இனிமே எங்களுக்குள்ள அடுத்தவன்னு ஒருத்தனும் இல்ல. குட்டை யாரு போட்டாலும் திங்காது.

"நான் இருக்கறன்"னு ஒரு சத்தம். கூட்டத்தத் தள்ளிக்கிட்டு தனகோட்டி வர்றா, கையில அந்த ஒத்தக் கொலுசு. "நான் இருக்கறன் அடுத்தவ. எனக்கும் இவளுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு ஊரறிய ஒம்பது வருசமா கத்தறன். எம் புண்ணுக்குக் கூட குட்டைப் பக்கம் வந்ததில்ல, எவ வெள்ளியும் எம் மேல இல்ல. எங்கம்மா கொலுசு. இது கரையலன்னா எது கரையும்? நகருங்கடி!"ன்னு வீசினா.

கொலுசு பச்சைவாழி கால் பக்கத்துல விழுந்து, சலங்கை ஒரு தடவ குலுங்கி, அப்பிடியே கெடந்துது. நாங்க பாத்தம். தனகோட்டி பாத்தா. குனிஞ்சி கொலுச உள்ள அழுத்தினா. மேல வந்துது. திரும்ப அழுத்தினா. திரும்ப வந்துது. அவ மூஞ்சிய அன்னிக்குப் பாத்தவங்க யாரும் அதுக்கப்பறம் அவளக் கேலி பண்ணதில்ல. சக்கையிலயே ஒக்காந்துட்டா. "கரைய மாட்டேங்குது அண்ணி"ன்னா. ஒம்பது வருசம் கழிச்சி அண்ணின்னு சொன்னது, அதுவும் எந்த நேரத்துல பாருங்க.

பச்சைவாழி காய்ச்சல்ல கண்ண மூடிக்கிட்டே சொன்னா, "எனக்கு எப்பவோ தெரியும்டி. நீதான் கத்திக்கிட்டிருந்த."

வெள்ளிக்கெழம பர்வீன் டீச்சர் ஓடியாந்தா. அவ பாட்டில ஊத்துன்னு கெஞ்சினம். "கண்ணாடித் தட்டுக்கும் கறுத்துப் போன காலுக்கும் நடுவுல எத்தினியோ சோதனை இருக்குது ஆயா, வருசம் ஆவும், நான் இப்ப ஊத்தி ஏதாவது ஆயிட்டா?"ன்னு அழுதா. அவ மேல தப்பு இல்ல. "வெளியாளு ஒருத்தரும் இல்லியா?"ன்னு மட்டும் கேட்டா.

வெளியாளுன்னா யாரு? ஆஸ்பத்திரிக்குப் போற வர்ற வழியில எவனையாவது புடிச்சாலும், ஊரு பேரு தெரியாத ஒருத்திக்கு எதுக்கு அவன் வெள்ளியக் கழட்டுவான்? அப்பத்தான் மன்னாதன் தலையச் சொறிஞ்சிக்கிட்டே, "அந்த லாரிக்காரன்…"ன்னு இழுத்தான்.

சொல்ல வெக்கமா இருக்குது. பன்வாரி அந்த ஒரு வருசத்துல எட்டுத் தடவ வந்திருக்கான். கேட்டு முன்னால வண்டிய நிறுத்தி, பார்லி எறக்கி, வண்டிக்கு அடியில படுத்துத் தூங்கி, தானே ரொட்டி சுட்டுத் தின்னுட்டுப் போயிருக்கான். எங்க ஊருல ஒருத்தர், ஒரு வாய் தண்ணி அவனுக்குக் குடுத்ததில்ல. பச்சைவாழி வெள்ளி அவன் கையில இருந்தும், வெள்ளி ஒறவுன்னு அவனுக்கு ஒரு தாம்பூலம் வெச்சதில்ல. பாஷை தெரியாதுன்னு ஒரு சாக்கு. பச்சைவாழி மதிலுக்குப் பின்னால, அவன் முன்னால. அவ கண்ணுலயே படல. அந்த அவமானம்தான் இப்ப எங்களுக்குக் கெடைச்ச ஒரே மருந்து.

தனகோட்டி மன்னாதன் போனப் புடுங்கி, நாக்பூர்கிட்ட வண்டியோட்டிக்கிட்டிருந்தவன்கிட்ட தமிழ்லயே கத்தினா. "ஏம்ப்பா! உன் கையில காலு இருக்குதே, காலு! அது எங்க அண்ணி குடுத்தது! அண்ணி காலு போவுது! உன் காப்பு! காப்பு!" அவன் ஆங்கிறான், இவ காப்புங்கறா. பர்வீன் டீச்சர் வாங்கி ஹிந்தியில ரெண்டே நிமிசம் பேசினா. போன வெச்சிட்டு, "வர்றாராம்"னா. அவ்ளோதான். எதுக்கு, எப்பிடி, எவ்ளோன்னு அவன் ஒரு வார்த்த கேக்கலியாம்.

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் தனகோட்டி தெருத்தெருவா போயிச் சொன்னா. "அவன் வர்றான். ஒருத்தியும் அவன வான்னு சொல்லக் கூடாது. தண்ணி குடுக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. பாய் போடக் கூடாது. அண்ணா தம்பின்னு வாய் வந்துதோ, நாக்க இழுத்து வெச்சி அறுத்துடுவன். காப்பு கரையற வரைக்கும் அவன் நமக்கு யாரோ. புரிஞ்சிதா? யாரோ!"

புரிஞ்சிது. ஆனா எவ்ளோ கஷ்டம்னு மதியானம் அவன் லாரி பின்பக்கமா வந்து நின்னப்பத்தான் தெரிஞ்சிது. ரெண்டு நாளு ராப்பகலா ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். கண்ணு செவந்து, ஒதடு வெடிச்சி, தலையில புழுதி. எறங்கினவன் எங்களப் பாத்து ரெண்டு கையையும் கூப்பினான். நாங்க, ஊரு மொத்தமும், நூத்தம்பது பேரு, மரம் மாரி நின்னம். ஒரு பொம்பளைக்குக் கை தானா சொம்புக்குப் போச்சி, பக்கத்துல இருந்தவ அந்தக் கைய அமுக்கிப் புடிச்சிக்கிட்டா. கன்னியப்பன் வேற பக்கம் திரும்பிக்கிட்டான். நான் முந்தானைய வாயில திணிச்சிக்கிட்டன். வரச் சொன்னவங்க ஏன் இப்பிடி நிக்கறாங்கன்னு அந்த மனுசன் ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கறான், ஒவ்வொரு மூஞ்சியும் கீழ குனியுது. என் வயசுக்கு நான் எத்தினியோ பாவம் பண்ணியிருக்கன், அந்த அர மணி நேரம் மாரி எதுவும் நெஞ்ச அறுத்ததில்ல.

அவன் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து கறுத்துப் போன அந்தக் காலப் பாத்தான். அவன் உள்ளங்கையத் தெறந்து பாத்தான். திரும்பக் காலப் பாத்தான். மணிக்கட்டு காப்ப எச்சித் தொட்டு முறுக்கி முறுக்கி, தோலு சிராய, கழட்டினான். அவங்கம்மா போட்டதாம், அப்பறம் தெரிஞ்சிது. குனிஞ்சி, வீசாம, படுத்துக் கெடக்கற கொழந்தைய எறக்கி வெக்கற மாரி குட்டையில வெச்சான்.

கரைஞ்சிது! அம்மாடி, எப்பிடிக் கரைஞ்சிது! மாசக்கணக்கா செத்துக் கெடந்த குட்டை கொதிக்கற பாலு மாரி மொணமொணன்னு சத்தம் போட்டுது. காப்புல இருந்து மஞ்சள் கோடு கோடா கெளம்பி, தேனா, கஷாயமா, பச்சைவாழி காலத் தேடிக்கிட்டுப் போயி சுத்திச் சுத்தி வந்துது. கணுக்கால் கறுப்பு எங்க கண்ணு முன்னாடி செவந்துது. பாதம் செவந்துது. பெருவெரல் செவந்துது. ரெண்டாவது வெரல் செவந்துது. மூணாவது வெரல் செவந்துது. தனகோட்டி வாய்க்குள்ளயே வெரல் வெரலா எண்ணிக்கிட்டிருந்தா.

அப்ப பச்சைவாழி கண்ணத் தெறந்தா. நாலு நாளு காய்ச்சல்ல கெடந்தவளுக்கு யாரும் சட்டம் சொல்லல, சொல்ல மறந்துட்டம். கண்ணத் தெறந்து பாக்கறா, எதுர ஒரு ஆளு, வெடிச்ச ஒதட்டோட, புழுதியோட மண்டி போட்டு ஒக்காந்திருக்கறான். அவ வாயில மொதல்ல எது வரும்னு உங்களுக்குத் தெரியும்.

"சாப்டியாப்பா?"

பாஷை தெரியாதவன்தான். ஆனா அந்தக் கேள்விய, அந்தக் கொரல்ல, எந்த ஊருக்காரனுக்குப் புரியாது? அவன் மூஞ்சி அப்பிடியே ஒடைஞ்சிது. இல்லன்னு தலைய ஆட்டினான். வயித்தத் தொட்டுக் காட்டினான். அம்மான்னு ஒரு வார்த்த சொன்னான், அது எங்க வார்த்தையா அவன் வார்த்தையா தெரியாது.

குட்டை நின்னுடுச்சி. மொணமொணப்பு அடங்கிடுச்சி. மூணுல ஒரு பங்கு காப்பு, வளைஞ்ச துண்டா, சக்கை மேல முழுசா மெதந்துது.

தனகோட்டி தலையில அடிச்சிக்கிட்டா. "அண்ணி! இன்னும் ரெண்டே வெரல்! ரெண்டு நிமிசம் வாய மூடிக்கிட்டிருந்தா என்னா?"

"ரெண்டு வெரலுக்காக, மனுசன சாப்டியான்னு கேக்காம இருக்கச் சொல்றியா?"ன்னா பச்சைவாழி. "என்னாடி நின்னுக்கிட்டு? எலையப் போடு."

அதுக்கப்பறம் அவனுக்குப் போட்ட சோறு இருக்குதே! நூத்தம்பது பேரும் அடக்கி வெச்சதெல்லாம் ஒரே நேரத்துல ஒடைஞ்சிது. அவன் எல மேல அஞ்சி வீட்டுக் கொழம்பு, ஏழு வீட்டுப் பொரியல், நடுவுல நான் கரண்டியோட. அண்ணான்னு ஒருத்தி, மாமான்னு ஒருத்தி, தம்பின்னு தனகோட்டி. பாவம், அழுதுக்கிட்டே சாப்ட்டான்.

திங்கக்கெழம டாக்டரு கட்டப் பிரிச்சி, கால திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கடைசி ரெண்டு வெரல மட்டும் எடுத்தாரு. காலு நின்னுது. கணுக்கால சுத்தி பன்வாரி காப்பு, வெள்ளியா, கயித்து முறுக்கு வேலையோட, ஒரு பக்கம் மட்டும் மூணுல ஒரு பங்கு விட்டுப் போயி மின்னுது. அந்த விட்டுப் போன எடத்துக்கு மேல தனகோட்டி அவ அம்மா கொலுசுல ஒண்ண மாட்டிவிட்டா. இன்னொண்ணு தனகோட்டி கால்ல இருக்குது. ரெண்டு பேரும் சேந்து நடந்தா ஒரு ஆளு நடக்கற சத்தம்.

குட்டை அப்பறம் எதையும் திங்கல. திங்க எங்க இருக்குது, லாரிக்காரன் வரைக்கும் சொந்தமாயிட்டான். பர்வீன் டீச்சர் மட்டும் இன்னும் வந்து சக்கை மொண்டுக்கிட்டுப் போறா. அவ தட்டுல வர்றது சொந்தம் பாக்காது, யாரு யாருக்கு ஊத்தினாலும் கேக்கும், கொஞ்சம் பொறு ஆயாங்கறா. பொறுத்துக்கிட்டிருக்கன்.

நாப்பது நாள் கழிச்சி பன்வாரி பார்லியோட வந்தான். இந்தத் தடவ கேட்டுல நிறுத்தல, நேரா ஊருக்குள்ள வந்துட்டான், வண்டி திரும்பறதுக்கு ரெண்டு முருங்க மரம் வெட்ட வேண்டியதாப் போச்சி. பச்சைவாழி வாசல்ல பாய் போட்டு எல போட்டம். ஒக்காரறதுக்கு முன்னாடி அவன் பச்சைவாழி காலப் பாக்கணும்னு சைகை காட்டினான். அவ கால நீட்டினா. பக்கத்துல அவன் உள்ளங்கைய விரிச்சி வெச்சான்.

உள்ளங்கை நடுவுல அதே வெள்ளிக் காலு. மன்னாதன் மொதல்ல பாத்தப்ப அஞ்சி வெரல் இருந்துது, நாக்பூர்ல போன் எடுத்தப்பவும் அஞ்சி இருந்துதாம், எண்ணிக் காட்டினான். இப்ப மூணு. கடைசி ரெண்டு வெரல் இருந்த எடத்துல தையல் போட்ட தழும்பு, ஊசி முனையளவுக்கு, அப்பிடியே பச்சைவாழி கால்ல இருக்கற மாரி.

நூத்தம்பது பேரும் நின்னம். அன்னிக்கு யாரும் எங்கள வாய மூடச் சொல்லல.

பச்சைவாழிதான் மொதல்ல பேசினா.

"எல வாடுது, ஒக்காருப்பா."